நான் கொண்டுபோய்க் கொடுத்த மாத்திரை

1

போன வாரம் வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது, பெருமுக்கலிலிருந்து பெரியப்பா மகன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். நலம் விசாரிப்பு, மழை, மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்காத கதை எல்லாம் முடிந்து கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா ஜெயா, பொங்கலுக்கு வர்றியாமே. வரச்சொல்லோ அந்த வெள்ள மாத்திர ஒரு நாலு அட்ட எடுத்துக்கினு வாம்மா. உங்க அண்ணி முட்டி வலின்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு இருக்கா. இங்க குடுக்கிறது எதுவும் கேக்கல. நீ முன்ன குடுத்தது போட்ட ஒடனே கேட்டிச்சு."

கேட்டுவிட்டு போனைக் கைப்பையில் போட்டேன். அன்றைக்கு முழுவதும் பதில் அனுப்பவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் கூப்பிட்டு, "அண்ணே, இனிமே அந்த மாத்திரை யாருக்கும் கொண்டாற மாட்டேன். அண்ணியை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கும்மா? சூட்கேஸ்ல எடம் இல்லியா?"

"எடமெல்லாம் இருக்குண்ணே."

அதற்குமேல் போனில் சொல்ல வரவில்லை. என்னிடம் அந்த மாத்திரையைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. திண்டிவனத்திலும் வளவனூரிலும் என் கையால் வாங்கியவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

லண்டனுக்கு வடக்கே இருக்கும் லெஸ்டர் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் வேலை. எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டுவது, தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது. தூக்குவதற்கு இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் வேறு அறையில் இருக்கும். அவசரத்துக்கு நம் இடுப்புதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் நின்று, இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அங்கிருந்த பெண் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். உங்களுக்கா? வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமா? தூக்கம் வரும், வண்டி ஓட்டுவீர்களா? பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியாக, "நாட் மோர் தேன் த்ரீ டேஸ்" என்று விரலை நீட்டிச் சொன்னாள். என் காதில் "த்ரீ எ டே" என்று விழுந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. நம் ஊரில் எல்லா மாத்திரையும் மூன்று வேளைதானே? சரி என்றேன்.

அவள் சொன்னது மூன்று நாள். மூன்று நாளைக்கு மேல் போடாதே என்று.

அது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பாரசிட்டமால். இன்னொன்று கோடீன். அது அபினி வகையைச் சேர்ந்தது. இந்த ஊரில் அளவு குறைந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். கடையில் சும்மா கிடைப்பதால் அதில் ஆபத்து இருக்காது என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. அந்த மாத்திரையைப் போட்ட அரைமணி நேரத்தில் வலி குறைந்தது, அதோடு கூட இன்னொன்றும் நடந்தது. மேற்பார்வையாளர் கத்தியது, வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது, என் பெண் மதி ஆங்கிலத்திலேயே பதில் சொல்வது, எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் ஆயிற்று. இடுப்பு சரியான பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தலைவலி வந்தது. தலைவலிக்கு அதே மாத்திரையைப் போட்டேன்.

ஒரு தடவைக்கு ஒரு பெட்டிக்கு மேல் தரமாட்டார்கள். அதனால் நான்கு கடைகளில் மாறி மாறி வாங்கினேன். "முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகினேன். ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்ட வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

ஊருக்கு வரும்போது அதையே கொண்டுவந்தேன். சாக்லேட், தைலம், சோப்பு, இந்த மாத்திரை. பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன என்று பிரித்து, அட்டைகளை மட்டும் ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டுவேன். பெட்டியின் மேல் சிவப்பில் எழுதியிருந்த எச்சரிக்கையும், உள்ளே மடித்து வைத்திருந்த தாளும் லெஸ்டரிலேயே குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

3

என் அக்கா செல்வி திண்டிவனத்தில் இருக்கிறாள். அவள் மகள் கௌசல்யா. எங்களுக்குக் கௌசி. கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனை அமாவாசை நடந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. போன வருடம் ஆண் குழந்தை பிறந்தது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிறந்த ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் தாயும் பிள்ளையும் திண்டிவனத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

கௌசிக்குத் தையல் வலி. எழுந்து உட்காரும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை பத்தவில்லை என்றாள். ஏழாம் நாள் காலை நான் சூட்கேஸைத் திறந்து நாலைந்து அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது போட்டுப் பாருடி. ரெண்டு ரெண்டா மூணு வேளை."

"பால் குடுக்கிறேனே, பரவால்லியா சித்தி?"

அவள் கேட்டாள். இதை நான் மறைக்கக் கூடாது. அந்த நான்கு வருடத்தில் என்னிடம் மாத்திரை வாங்கிய வேறு யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பெண் கேட்டாள்.

"அங்க கடையிலயே விக்கறாங்கடி. சின்னப் பசங்க கூட வாங்கறாங்க" என்றேன். சின்னப் பையன் எவனும் வாங்கி நான் பார்த்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அன்று சாயந்திரம் அவள் எழுந்து வாசல் வரை நடந்தாள். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "லண்டன் மாத்திரன்னா லண்டன் மாத்திரதான்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். லெஸ்டர் லண்டன் இல்லை என்று நான் பதினான்கு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பத்தாம் நாள் வளவனூரிலிருந்து கௌசியின் மாமியார் வந்தார். அந்த இரண்டு நாளாகக் குழந்தை அதிகம் அழவில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிட்டான்.

"எங்கூட்டுப் புள்ள பாரு, அழுவறதே இல்ல. தங்கம்" என்று மாமியார் நெட்டி முறித்தார். நாங்களும் சிரித்தோம்.

4

பதினோராம் நாள் காலை எட்டு மணி இருக்கும். அக்கா வெந்நீர் வைத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஜெயா, இங்க வா. ஜல்தி வா."

குழந்தையின் கை துணிபோல் தொங்கியது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. அக்கா உள்ளங்காலில் சுண்டினாள். அழவில்லை. முகத்தை மட்டும் லேசாகச் சுளித்தான். மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நாங்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கௌசியின் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். எதிர் வீட்டுக்காரர் காரை எடுத்தார். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். முன்னால் அக்கா. பின்னால் மாமியார், கௌசி, நான். குழந்தை என் மடியில்.

"ராத்திரி எப்ப குடிச்சான்?" என்றேன்.

"நல்லாவே குடிக்கல சித்தி. வாயில வெச்சா தூங்கறான்."

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும், எங்கள் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு கிழவர் என் நினைவுக்கு வந்தார். வலிக்காக அவருக்கு மார்பின் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அளவு கூடிப்போய் மூச்சு மெதுவாகிவிட்டது. ஓடிவந்த நர்ஸ் அவருடைய கண் இமையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். நடுவில் இருக்கும் கருமணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதைப் பார்த்தால் உடனே சொல்லவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

நான் குழந்தையின் இமையை விரலால் மெல்லத் தூக்கினேன்.

அதேபோல ஒரு புள்ளி.

விக்கிரவாண்டி டோலில் வண்டிகள் நின்றன. அக்கா ஜன்னலைத் திறந்து, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, வழி உடுங்கப்பா" என்று கத்தினாள். மாமியார் அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் குழந்தையின் மார்பில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

5

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். குழந்தை டாக்டர் ஐம்பது வயதுப் பெண். பரபரப்பு இல்லாமல் கேட்டார்.

"காய்ச்சல் இருந்துச்சா? கீழ விழுந்துச்சா? அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"இங்க குடுத்ததுதான் மேடம்" என்றாள் கௌசி.

மாமியார் அவள் பின்னால் நின்றார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் என் சொந்த அட்டை இருந்தது.

கிருமித் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். அது ஒன்பதே முக்கால் ஆகும்வரை நான் பேசவில்லை.

ஏன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். டாக்டருக்குத் தெரியாததா, அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். இதெல்லாம் பிறகு தேடிய காரணங்கள். உண்மை இதுதான்: ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சி, எல்லோருக்கும் எடுத்துவந்து கொடுக்கிறவள். அந்த மாமியார் முன்னால் அதை இழக்க மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. சொன்னால் கைப்பையில் இருப்பதையும் கொடுக்கவேண்டி வரும்.

ஒன்பதே முக்காலுக்கு உள்ளே ஒரு கருவி கீச்சிட்டது. நர்ஸ் ஓடினாள். குழந்தை மூச்சை நிறுத்தியிருந்தான். ஒரு சின்னப் பையை மூக்கின் மேல் வைத்து அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்தார்கள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "வெளிய இருங்கம்மா" என்றார்கள். அட்டையை எடுத்து நீட்டினேன்.

"மேடம், இத நான் அந்தப் பொண்ணுக்குக் குடுத்தேன். நாலு நாளா போடறா."

டாக்டர் அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"கோடீனா? பால் கொடுக்கிற அம்மாவுக்கா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நர்ஸிடம் திரும்பி ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். அபினி வகைக்கு மாற்று மருந்து அது என்று பிறகு தெரிந்தது.

சில நிமிடங்களில் குழந்தை கையை உதறினான். முகம் சிவந்தது. பிறகு அழுதான். இரண்டு நாளாக அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதான். கண்ணாடிக்கு வெளியே அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். கோடீன் உடம்புக்குள் போனதும் கொஞ்சம் மார்பினாக மாறும். சிலருடைய உடம்பில் அது மிக வேகமாக, மிக அதிகமாக மாறிவிடும். யாருக்கு அப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அது பாலில் இறங்கும். பிறந்த குழந்தையால் அதைத் தாங்க முடியாது. அதனால்தான் பால் கொடுப்பவர்கள் தொடவே கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கூடாது.

"இன்னொன்னு. நாங்க எழுதிக் கொடுத்ததும் பாரசிட்டமால்தான். உங்க மாத்திரையிலயும் அதேதான். ரெண்டையும் சேர்த்துப் போட்டா கல்லீரல் தாங்குமா?"

கௌசிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் அளவு ஏறியிருந்தது. அவளையும் சேர்த்து நான்கு நாள் வைத்திருந்தார்கள்.

மாமியார் என்னைத் திட்டவில்லை. வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவ்ளோ தூரத்துலருந்து வெஷத்த கொண்டாந்து குடுத்துட்டியேம்மா."

6

குழந்தையைச் சேர்த்த அன்று மத்தியானமே திண்டிவனத்துக்குப் போய், சூட்கேஸில் இருந்த அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். பயத்தில் செய்தது. என்னைப்பற்றி யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலையில் கொட்டாவி வர ஆரம்பித்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வந்தது. அந்த வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வயிற்றைப் பிசைந்தது. காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை.

"ஊர் தண்ணி ஒத்துக்கலடி உனக்கு" என்று அக்கா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

குழந்தைக்குத் துணி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, திண்டிவனம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெடிக்கல் கடைக்குப் போனேன்.

"கோடீன் போட்ட பாரசிட்டமால் இருக்காண்ணே?"

"சீட்டு இருக்குதாம்மா?"

"சீட்டு இல்ல. இடுப்பு வலி. நான் வெளிநாட்டுல இருக்கேன். அங்கல்லாம் சும்மாவே குடுப்பாங்க."

"அங்க குடுப்பாங்களா இருக்கும். இங்க டாக்டர் எழுதாம குடுக்க முடியாதும்மா. வெறும் பாரசிட்டமால் வேணும்னா தர்றேன்."

"அது கேக்காதுண்ணே. ஒரு நாலு மாத்திரையாவது குடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடி கொட்டாவி விட்டேன்.

"வலிக்குத்தான் கேக்கறியாம்மா?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்பு வலிக்கவே இல்லை. எவ்வளவு நாளாக வலிக்காமல் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த மாத்திரையை நான் கடையில் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். இது தெரிந்தும் கால்கள் அடுத்த கடையைத்தான் தேடின. அங்கேயும் சீட்டு கேட்டார்கள். அந்த இருவரையும் நான் மறக்க மாட்டேன். ஒருவர் கொடுத்திருந்தாலும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் விழுப்புரத்தில் அந்தக் குழந்தை டாக்டரிடம் தனியாகப் போய் என் பழக்கத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமில்லை. "அவ்வளவு அட்டை ஒருத்தர்கிட்ட இருந்தப்பவே நினைச்சேன்" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கே வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் குடியை விட வந்த ஆண்கள். கூட வந்த மனைவிமார்கள் என்னையும் ஒரு மனைவி என்று நினைத்து, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது இளம் டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "எவ்வளவு நாளா குடிக்கிறாரு?" என்றார்.

"குடி இல்ல சார். மாத்திரை. எனக்குத்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"எட்டு. சில நாள் பத்து, பன்னெண்டு."

"எத்தனை வருஷம்?"

"நாலு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கடையில வாங்கினதுக்கு அடிமையாக முடியாதுன்னு நினைச்சீங்களாம்மா? இது மெதுவா ஆளைப் பிடிக்கும். பிடிச்சதே தெரியாது. எட்டுக்கு மேல போன ஒவ்வொரு நாளும் உங்க கல்லீரலோட விளையாடியிருக்கீங்க" என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்றுக்கும் கால் குடைச்சலுக்கும் மருந்து எழுதினார். லெஸ்டருக்குப் போனதும் அங்கே உள்ள டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். நாள்பட்டுப் போட்டதை இப்படி ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாதாம். குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு முறை இருக்கிறதாம்.

7

லெஸ்டருக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாளே பழைய கடைக்குப் போய் வாங்கினேன். அதையும் மறைக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராகத் திருந்திய மனுஷியாக வந்தேன் என்று எழுத ஆசைதான்.

மதி என் கையில் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் அவள்தான் எனக்கு எல்லா அலுவலகங்களிலும் மொழிபெயர்த்தாள். வளர்ந்தபிறகு அது அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. என்னோடு கடைக்குக்கூட வருவதில்லை. பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த தாளை விரித்து, நின்றபடியே முழுவதும் படித்தாள். நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் அந்தத் தாளை விரித்த முதல் ஆள் அவள்.

"அம்மா, யூ ஆர் அடிக்டட்" என்றாள். பிறகு, என்ன தோன்றியதோ, "தமிழ்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள்.

"அடிமை."

"அடிமைன்னா ஸ்லேவ் இல்லையா?"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்."

அவள் அழுதாள். அவள் என்முன் அழுது வருடங்கள் ஆகியிருந்தன.

இங்கே டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் செய்து வரிசையில் காத்திருக்க வேண்டும். நீங்கள் பதினெட்டாவது ஆள் என்று ஒரு இயந்திரம் சொல்லும். அதற்குமுன் ஒரு படிவம். அதில், போதைப் பொருள் பழக்கம் உண்டா என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நான் எத்தனையோ படிவங்களில் இல்லை என்று டிக் செய்திருக்கிறேன். இந்தத் தடவை மதி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆம் என்பதில் பேனாவை வைத்தேன். கோடு நேராக விழவில்லை.

டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு மாத்திரையாகக் குறைக்கச் சொன்னார். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எண்ணி ஒரே கடையில் தந்தார்கள். ஏழிலிருந்து ஆறுக்கு வந்தபோது தலைவலி பிளந்தது. அந்தத் தலைவலிக்குக் காரணமே மாத்திரைதான் என்றார் டாக்டர். வலி மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் அதுவே தலைவலியை உண்டாக்குமாம். மூன்றுக்கு வந்தபோது தலைவலி போய்விட்டது. ஒன்றிலிருந்து ஒன்றுமில்லாததற்கு வருவதுதான் பெரிய பாடு. இடுப்புக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மதி தரையில் படுத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டுவாள். அவள் ஆங்கிலத்தில் எண்ணுவாள், நான் தமிழில் எண்ணுவேன். இன்றைக்கு மாத்திரை இல்லாமல் ஐந்தாவது மாதம். வேலை முடிந்து வரும் வழியில் அந்த நான்கு கடைகளில் இரண்டு இருக்கின்றன. இன்னமும் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போகிறேன்.

அண்ணிக்கு முட்டி வலி என்றால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்த மாத்திரை கெட்ட மாத்திரை என்று நான் சொல்லவில்லை. பல் பிடுங்கியவருக்கு, எலும்பில் அடிபட்டவருக்கு, வேறு எதுவும் கேட்காதபோது இரண்டு மூன்று நாள் உதவும் மாத்திரைதான். வருடக்கணக்கில் இருக்கும் முட்டி வலிக்கு அது மருந்தே இல்லை. அண்ணிக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்னும் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் முன்பும் கொடுத்தேன்.

8

குழந்தை நன்றாக இருக்கிறான். தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நின்று, இப்போது நாலடி நடக்கிறான். அக்கா படம் அனுப்புவாள். கௌசி மட்டும் என்னோடு பேசவில்லை. பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். கோபம் நியாயமானது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அவளைக் கேட்காமல் இதை எழுதக் கூடாது என்று தோன்றியது. இதில் பாதி அவள் கதை. இதை எழுத ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அவளுக்கு மத்தியானம் இரண்டு மணி இருக்கும்போது கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சித்தி."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொன்னேன்.

"கௌசி, உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். கார்லயே எனக்குத் தெரியும், அந்த மாத்திரையாலதான்னு. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்பவும் தெரியும். அரைமணி நேரம் வாயத் தொறக்கல. புள்ள மூச்ச நிறுத்தின அப்புறம்தான் சொன்னேன்."

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும் சித்தி" என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"கார்ல அவன் கண்ணத் தொறந்து பாத்தீங்க இல்ல, அப்ப உங்க மூஞ்சி மாறிப்போச்சு. நான் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அப்ப நீயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்றது? நீங்க ரெண்டு ரெண்டுன்னு சொன்னீங்க. நான் மூணு மூணா போட்டுக்கினு இருந்தேன். மூணு போட்டா தையல் வலி மட்டும் இல்ல சித்தி, அத்த பேச்சு, தூக்கமில்லாதது, அழுவாச்சி, எல்லாமே தூரமா போயிடும். அந்த நாலு நாளுதான் நான் நிம்மதியா இருந்தது. அத அத்தைய பின்னால வெச்சிக்கினு டாக்டராண்ட எப்பிடிச் சொல்றது? நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க நான் சொல்லுவேன்னு பாத்தீங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிற அந்த நிம்மதி எனக்குத் தெரிந்ததுதான். என் வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"உங்கமேல கோவத்துல பேசாம இல்ல சித்தி. பேசினா எத்தனை போட்டன்னு கேட்டுடுவீங்களோன்னு பயம்" என்றாள்.

"இதெல்லாம் எழுதலாம்னு இருக்கேண்டி. நம்ம ஊர்ல படிப்பாங்க. உன்னப் பத்தினத விட்டுடட்டுமா?"

 குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டது குரலிலேயே தெரிந்தது.

"விடாதீங்க. மூணு மூணுன்னே எழுதுங்க."

எழுதிவிட்டேன்.